டிராலியில் கட்டிய கந்தல்

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பாய்லர் அறையை ஒட்டியிருந்த சலவைக் கூடத்தில் அவருக்கு மடிப்பு அண்ணன் என்று பெயர். வைத்தவர் மெஷின்காரர். காலையில் வரும்போது சட்டைக் கையின் மடிப்பு எப்படி இருந்ததோ, நாள் முழுக்க நீராவியில் வெந்து வீட்டுக்குக் கிளம்பும்போதும் அப்படியே இருக்கும். “அண்ணன் தூங்கும்போதுகூட நாலா மடிச்சு வெச்ச மாதிரிதான் தூங்குவார், சந்தேகம்னா அண்ணியைக் கேட்டுப் பாருங்க” என்பார் மெஷின்காரர். மடிப்பு அண்ணன் கோபித்துக்கொண்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவராவது நம் சட்டையைக் கவனித்தாரே என்ற சந்தோஷம் உள்ளுக்குள் இருந்தது.

அந்தக் கூடத்தின் நடுவில் ஒரு சுவர். சலவை இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குத் துணி ஒரு பக்கம் உள்ளே போகும். வெளுத்த துணி மறுபக்கம் வெளியே வரும். ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அழுக்குப் பக்கம் மெஷின்காரர். சுத்தப் பக்கம் நான்கு பெண்கள். நால்வரும் கடல் தாண்டி ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். மூத்தவரை மற்ற மூவரும் அக்கா என்றதால் எல்லோருக்கும் அவர் பெரியக்கா ஆனார். இளையவள் இஸ்திரி ரோலரில் ஈர விரிப்பைக் கொடுப்பவள்; அவளை இஸ்திரித் தங்கச்சி என்பார்கள். நடுவில் இருந்த இருவர் உடன்பிறந்தவர்கள். ரோலரிலிருந்து வருவதை எதிரெதிரே நின்று மடிப்பார்கள். வந்த புதிதில் கைஜாடையில் ஓட்டியவர்கள், பிறகு நம் பேச்சை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் தலைவர் மடிப்பு அண்ணன்.

தலைவர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டார். முதல் வேலை ஒரு ஜவுளிக் கடையில், துணி மடித்து அடுக்குவது. அந்த முதலாளி யாரையும் பேச விட மாட்டார். “என்ன சொல்றே?” என்று அவரே கேட்பார். வாயைத் திறப்பதற்குள் “எனக்குத் தெரியும், போ” என்று அவரே முடித்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் கிடங்குச் சுவர் ஊறுவதை இவர் பார்த்தார். சொல்லப் போனார். “எனக்குத் தெரியும், போ.” அடுத்த வாரம் சுவரோரம் அடுக்கியிருந்த புதுச் சரக்கு முழுவதும் பூஞ்சணம் பூத்துப் போயிற்று. “கண்ணு இருக்குல்ல, முன்னாடியே சொல்றதுக்கென்னடா?” என்று முதலாளி கத்தினார். அன்றைக்கு இவர் மனத்துக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டார். என்றைக்காவது நாலு பேருக்கு மேலே நிற்கும்படி ஆனால், எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் வாய் திறப்பது.

சொன்னதைச் செய்தார். தினமும் காலையில் மடிக்கும் மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள். மெஷின்காரர் கையைக் கழுவி, மேலங்கியை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வார். “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? தயங்காம சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, மடிப்பு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பெண்கள் நால்வரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். மெஷின்காரர் மட்டும் சோப்புத் தூள் தீர்ந்த கதை, மச்சான் வீட்டுச் சண்டை எல்லாம் சொல்வார். பிறகு அமைதி. அந்த அமைதிக்கு மரியாதையாக இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “சரி, வேலையைப் பார்ப்போம்” என்பார்.

“என் கூடத்துல பிரச்சினையே கிடையாது, தெரியுமா? கேட்டாலும் ஒண்ணும் இல்லைன்னு நிக்கறாங்க” என்று வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொல்வார்.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பிறர் உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவர். ஊசியை வாயில் கவ்வியபடியே பதில் சொல்வார். “நாலு பொம்பளைங்க கூடின இடத்துல ஒரு பேச்சும் இல்லைன்னா, ஒண்ணு யாரோ செத்திருக்கணும், இல்லைன்னா உங்களைப் பார்த்துப் பயந்திருக்கணும்.”

“என்னைப் பார்த்தா? எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?”

“அதான் எனக்கும் புரியலை.”

அந்த வருஷத் தொடக்கத்தில், இயந்திரத்திலிருந்து ஈர விரிப்பை ரோலருக்குத் தள்ளிக்கொண்டு போக, சுத்தப் பக்கத்துக்குப் புது டிராலிகள் வந்தன. முன்பு இருந்தவை இரும்புச் சட்டத்தில் கித்தான் பை தொங்கும் பழைய வண்டிகள். கித்தான் ஈரம் காயாமல் நாற்றம் எடுக்கும். மடிப்பு அண்ணன்தான் கம்பி வலை வைத்த டிராலி ஒன்றை அளவு போட்டு வரைந்து கொடுத்தார். தண்ணீர் வடிந்து போகும், கழுவுவதும் சுலபம். ஆஸ்பத்திரிப் பட்டறையில் அப்படியே செய்து கொடுத்தார்கள். மேனேஜர் அம்மா எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினார். அன்றிலிருந்து அவற்றுக்கு அண்ணன் டிராலி என்றே பெயர்.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, வழக்கம்போல ரோலரின் நீராவிக் குழாயை மூடி, தரையில் கிடந்த பஞ்சுத் தூசியைக் கூட்டி, டிராலிகளை வரிசையாக நிறுத்தும்போது, இரண்டு மூன்றின் மேல் விளிம்பில் கந்தல் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்தார். சுத்தப் பக்கத்து வண்டியில் இப்படித் துணி தொங்கக் கூடாது. கிருமி தங்கும், இதுவும் விதி. காலையில் எல்லோர் முன்னாலும் கேட்டால் கட்டியவர் மனம் நோகும். இதற்கெல்லாம் ஒரு கண்டிப்பா? சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டி, கந்தலை உருவிப் பழந்துணிப் பையில் போட்டார். மறுநாள் சாயங்காலம் மறுபடி கட்டியிருந்தது. மறுபடி வெட்டினார். கொஞ்ச நாள் இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு நாள் கந்தல் நின்றுவிட்டது.

அன்றைக்கு அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “நான் ஒரு வார்த்தை சொல்லலை. முகம் சுளிக்கலை. தானா புரிஞ்சுக்கிட்டாங்க பாரு” என்று மனைவியிடம் சொன்னார். இப்படிப்பட்ட ஆட்கள் அமைந்ததற்கு மனதார நன்றி சொல்லிவிட்டுத்தான் அன்றிரவு படுத்தார்.

அதற்கப்புறம்தான் விரிப்புகள் கிழிய ஆரம்பித்தன.

முதலில் ஒரு வார்டிலிருந்து புகார் வந்தது. பிறகு எல்லா வார்டிலிருந்தும். புது விரிப்பு, நாலைந்து சலவைகூடக் காணாதது, ஓரத்தில் பொத்தலோடு வருகிறது. மேனேஜர் அம்மா கூப்பிட்டனுப்பினார்.

“மாசக் கடைசிக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா துணியை வெளியில ஒரு கம்பெனிக்குக் கொடுத்துடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போய்க் கொண்டுவந்து போட்டுடும்.”

“அப்போ எங்க ஆளுங்க கதி?”

“உங்களுக்கு வேற இடம் பார்க்கலாம். அந்த நாலு பேருக்கும் இந்த வேலைக்குத்தான் அனுமதி. ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.”

மறுநாள் காலை மேனேஜர் அம்மாவும் வந்து மேசையருகே நின்றார். மடிப்பு அண்ணன் எதையும் மறைக்கவில்லை. லாரி விஷயத்தைச் சொன்னார். “துணி எங்க கிழியுதுன்னு யாருக்காவது தோணுதா? தயங்காம சொல்லுங்க” என்றார். கையைக் கட்டிக்கொண்டார். காத்திருந்தார். இஸ்திரித் தங்கச்சியின் உதடு அசைந்த மாதிரி இருந்தது. பெரியக்கா அவள் முழங்கையைத் தொட்டார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மேனேஜர் அம்மா, “இவங்களுக்கு அக்கறையே இல்லையே. வேலை போகுதுன்னு சொல்லியும் கல்லு மாதிரி நிக்கறாங்க” என்றார். மடிப்பு அண்ணனுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒவ்வொரு விரிப்பையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தடவித் தடவி மடிக்கிறவர்களுக்கா அக்கறை இல்லை? ஆனால் மறுத்துச் சொல்ல அவரிடம் சான்று எதுவும் இல்லை.

முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கி, கிழிந்த விரிப்பு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி கிழிசலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கிழிசல் ‘ட’ எழுதிய மாதிரி இருந்தது; நேராகக் கொஞ்சம் இறங்கி, பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

“இது வெளுப்பு மருந்துல நைஞ்சது இல்லை. நைஞ்சா நூல் பொடியா உதிரும். எதுலயோ மாட்டியிருக்கு, மாட்டினதைப் பார்க்காம இழுத்திருக்காங்க.”

அடுத்த நாள் அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு இயந்திரத்தின் உருளைக்குள் தலையை நுழைத்து அங்குலம் அங்குலமாகத் தடவினார். ரோலரை ஆறவிட்டு அதையும் தடவினார். மேசைக் கால், அலமாரிக் கதவு, தாழ்ப்பாள் எதையும் விடவில்லை. தம்முடைய டிராலிகளை மட்டும் தடவிப் பார்க்கவில்லை. அவற்றில் போய் என்ன இருக்கப் போகிறது?

ஒன்றும் கிடைக்காமல், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி சொன்னார்: “இருக்கறதோ போறதோ, அது அப்புறம். உங்க கூட இவ்வளவு நாள் உழைச்சவங்க. ஒரு வேளை சோறு போட்டிருக்கோமா? இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் நல்ல உடை உடுத்தி வந்தார்கள். மெஷின்காரரும் வந்தார். வீட்டுக் கூடத்தில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துத் தட்டு போட்டார்கள். விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரன் சாப்பிட வேண்டும் என்பது மடிப்பு அண்ணனின் கொள்கை. சோற்றுப் பாத்திரமும் கரண்டியுமாக அவரே சுற்றி வந்து பரிமாறினார். “சாப்பிடுங்க, வெட்கப்படாதீங்க” என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னார்.

மெஷின்காரர் இரண்டாம் முறை சோறு கேட்டுவிட்டார். பெண்கள் நால்வரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோற்றில் ஆவி அடங்கிவிட்டது.

“என்ன, யாரும் கை வைக்க மாட்டேங்கறீங்க? அண்ணி, உப்பு ஜாஸ்தின்னு பயப்படறாங்க போல” என்றார் மெஷின்காரர்.

“நீ சாப்பிட்ட வேகத்துல உப்பு இருந்ததா இல்லையான்னு உனக்கெங்க தெரியப் போகுது?” என்றார் மனைவி. சொன்னாரே தவிர, முகம் வாடிவிட்டது. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றவர். ஆனால் அளவெடுத்துப் பழகின கண் அது. பெரியக்காவின் பார்வை கணவர் போகிற பக்கமெல்லாம் போவதை அது பார்த்துவிட்டது.

“ஏங்க, அந்தக் கரண்டியை இப்படிக் கொடுங்க. நீங்க உக்காருங்க.”

“நான் கடைசியில...”

“உக்காருங்கன்னா உக்காரணும்.”

உட்கார்ந்தார். மனைவி அவர் தட்டில் சோறு வைத்தார். அவர் ஒரு வாய் எடுத்து வாயில் வைத்ததுதான் தாமதம், நான்கு கைகளும் தட்டுக்குப் போயின. அதுவரை பேசாதிருந்தவர்கள் பேசவும் ஆரம்பித்தார்கள். கறி நன்றாக இருக்கிறது என்றார்கள். மடிக்கும் சகோதரிகளில் ஒருத்தி இன்னும் கொஞ்சம் கேட்டாள். இஸ்திரித் தங்கச்சி தையல் மெஷினைக் காட்டி, எங்க அம்மாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு என்றாள்.

பெரியக்கா மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “மன்னிச்சுக்குங்க அக்கா. பெரியவர் வாய் வைக்காம நாங்க வாய் வைக்க மாட்டோம். எங்க ஊர்ல அப்படித்தான் வளர்த்தாங்க.”

“சாப்பாட்டுக்கு மட்டுமா?” என்று கேட்டார் மனைவி.

“பேச்சுக்கும்தான். பெரியவர் தொடங்கணும். அதுக்கப்புறம் வயசு வரிசை.”

மடிப்பு அண்ணனுக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. தினமும் அந்த மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, பொறுமையாக, அவர்கள் தொடங்கட்டும் என்று இவர் காத்திருக்கிறார். இவர் தொடங்கட்டும் என்று, அதே மரியாதையோடும் பொறுமையோடும் அவர்கள் காத்திருக்கிறார்கள். சோறு ஆறிப் போனது கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சு ஆறிப் போனது தெரியவில்லை.

அன்றைக்கு விருந்தாளிகளை அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவ உதவியபடி மனைவியிடம் கேட்டார். “நாளைக்கு நான் முதல்ல பேசினா, நான் சொன்னதுக்கே எல்லாரும் தலையாட்டிடுவாங்களே? அதுக்குப் பயந்துதானே இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன்.”

“தெரிஞ்சதைச் சொன்னாத்தானே தலையாட்டுவாங்க? உங்களுக்குத் தெரியாததைச் சொல்லுங்க” என்றார் மனைவி. “அந்தத் தட்டை இன்னொரு தடவை தேய்ங்க, பிசுக்குப் போகலை.”

திங்கட்கிழமை காலை மேசையைச் சுற்றி நின்றதும் மடிப்பு அண்ணன் கையைக் கட்டவில்லை. “நானே தொடங்கறேன்” என்றார். நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். “விரிப்பு எதுலயோ மாட்டித்தான் கிழியுது. அது வரைக்கும் எனக்குத் தெரியும். உருளையைத் தடவிட்டேன், ரோலரைத் தடவிட்டேன், மேசையைத் தடவிட்டேன். எங்கயும் இல்லை. என் கண்ணுக்குத் தட்டுப்படாத இடம் ஒண்ணு இருக்கு. அது எதுன்னு எனக்குத் தெரியலை. தப்பு என்கிட்டயே இருந்தாலும் இருக்கலாம். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். இனி நீங்க, பெரியக்கா.”

பெரியக்கா தரையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மெதுவாகச் சொன்னார். “டிராலி.”

“எந்த டிராலி?”

“உங்க டிராலிதான். எல்லாத்துலயும். ஈரத்துணி கனம். விளிம்பு மேல போட்டு இழுத்து இழுத்து, வலை நுனி உள்பக்கமாத் தூக்கிக்கிச்சு.”

சகோதரிகள் இருவரும் ஆமாம் என்றார்கள். மூத்தவள் தன் விரலில் பழைய கீறல் ஒன்றைக் காட்டினாள். கடைசியாக இஸ்திரித் தங்கச்சியின் முறை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது. “நாங்கதான் கந்தல் கட்டினோமே அண்ணே. காலையில கட்டுவோம். மறுநாள் வந்து பார்த்தா நீங்க வெட்டியிருப்பீங்க. மறுபடி கட்டுவோம். மறுபடி வெட்டியிருப்பீங்க. பெரியவர் வேண்டாம்னு இத்தனை தடவை சொன்ன பிறகும் கட்டினா அது எதிர்த்து நிக்கற மாதிரின்னு பெரியக்காதான் நிறுத்தச் சொன்னாங்க.”

“நான் எப்பம்மா வேண்டாம்னு சொன்னேன்? ஒரு வார்த்தைகூடப் பேசலையே.”

“கத்தரிக்கோலால சொன்னீங்க.”

மெஷின்காரர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பு. “அண்ணே, உங்க வாயைவிட உங்க கத்தரி நல்லாப் பேசியிருக்கு.”

மடிப்பு அண்ணன் ஒரு டிராலியை இழுத்து வந்து, விளிம்புக்கு உள்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் விரலை ஓட்டினார். சுருக்கென்றது. அன்றைக்குக் கந்தலின் முடிச்சு வெளிப்பக்கம் இருந்தது. வெளியே நின்று வெட்டி, வெளியே நின்று உருவியிருக்கிறார். ஒரு தடவை உள்ளே கைவிட்டிருந்தால் போதும். விரலில் எட்டிப் பார்த்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று தாம் பேசாமல் வெட்டியது; தம் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் பேசாமல் நிறுத்தியது; அதைத் தாம் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னது. எல்லாம் வரிசையாக வந்தன. சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்த பிறகு, வயது வரிசைகூடப் பார்க்காமல், எல்லோரும் சிரித்தார்கள்.

பட்டறையில் பழைய ரப்பர் குழாய் கிடைத்தது. அதை நீளவாக்கில் கீறி ஒவ்வொரு டிராலியின் விளிம்பிலும் மாட்டினார்கள். தண்ணீர் பட்டாலும் துடைத்துவிடலாம், விதிக்கும் பொருந்தும். கந்தலுக்குப் பதில் குழாய் போடலாம் என்று சொன்னது இஸ்திரித் தங்கச்சி.

மேனேஜர் அம்மாவிடம் மடிப்பு அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். தாம் வரைந்த டிராலிதான் காரணம், அதைத் தடுக்கக் கட்டிய துணியை வெட்டி எறிந்தவரும் தாமேதான் என்றார். “அந்த நாலு பேருக்கும் அக்கறை இல்லைன்னு சொன்னீங்க மேடம். அக்கறை டிராலியில கட்டித் தொங்கிச்சு. நான்தான் அவுத்துட்டேன்.”

மேனேஜர் அம்மா அதைக் குறித்துக்கொண்டார். மாசக் கடைசியில் ஒரு காலை மறுபடி மேசையருகே வந்து நின்றார். மடிப்பு அண்ணன் தொடங்கினார். தமக்குத் தெரியாதது ஒன்றைச் சொன்னார். பெரியக்கா பேசினார். அடுத்து, அடுத்து என்று வந்து, இஸ்திரித் தங்கச்சி ரோலரில் ஒரு புதுச் சத்தம் கேட்கிறது, பார்க்க ஆள் அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் அம்மாவிடமே நேராகச் சொன்னாள். குழாய் மாட்டியதிலிருந்து புதுக் கிழிசல் என்று எந்த வார்டும் சொல்லவில்லை.

“லாரி வேண்டாம்னு எழுதிடறேன்” என்றார் மேனேஜர் அம்மா. போகும்போது திரும்பி, “அந்த ரோலர் ஆளை இன்னிக்கே அனுப்பறேன்” என்றார்.

அதன் பிறகும் மடிப்பு அண்ணன் சில வருஷம் அங்கே வேலை பார்த்தார். ஓய்வு பெறும் நாளில் மேசையைச் சுற்றி நின்றபோது, கடைசியாக ஒரு தடவை அவரே தொடங்கினார். அதிகம் பேசவில்லை. “நீங்க பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி. அதைவிட, பொறுத்துக்கிட்டதைச் சொன்னதுக்கு நன்றி” என்றார். சட்டைக் கையின் மடிப்பைத் தடவிக்கொண்டே நின்றார். “அண்ணனுக்குச் சட்டை கசங்குதுப்பா, யாரும் கட்டிப் பிடிக்காதீங்க” என்று மெஷின்காரர் சமாளித்தார்.

பரிசாக ஒரு குடை கொடுத்தார்கள். நல்ல கறுப்புக் குடை. கைப்பிடியில் வெள்ளை விரிப்புத் துணியின் கந்தல் ஒன்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

வீட்டில் குடையைப் பிரித்துப் பார்த்த மனைவி, பழக்கத்தில் தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். “புதுக் குடையில எதுக்குங்க இந்தக் கந்தல்?”

மடிப்பு அண்ணன் அவசரமாகக் குடையை வாங்கிக்கொண்டார்.

“இரு, இரு. கட்டினவங்களைக் கேக்காம அவுக்காதே.”